தியாகதுருகத்துக்கு ஒரு விளையாட்டுத் திடல்

எந்த ஊர் சிறுவர் பூங்காவுக்குப் போனாலும் நான் பார்ப்பது ஒன்றுதான். ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், ஒரு சீசா. மஞ்சளும் நீலமுமாய் பெயிண்ட். கூடவே சிமெண்டில் ஒரு காளான் குடை. சென்னையிலும் இதுதான், சேலத்திலும் இதுதான். இது நம்ம ஊர் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லையே என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை. அதைப் பற்றிப் படிக்கப் போய் ஒரு வரலாறே கிடைத்தது!

இசாமு நொகுச்சி என்று ஒரு சிற்பி. அப்பா ஜப்பானியர், அம்மா அமெரிக்கர். 1933-இல் நியூயார்க் நகரத்துக்காக 'விளையாட்டு மலை' என்று ஒரு திட்டம் வரைந்தார். தனித்தனி விளையாட்டுச் சாமான்கள் எதுவும் வேண்டாம், நிலத்தையே படியும் சரிவுமாகச் செதுக்கி விட்டால் போதும், ஏறுவதும் சறுக்குவதும் குழந்தைகள் பாடு என்பது அவர் எண்ணம். நகரப் பூங்காத் துறையின் தலைவர் ராபர்ட் மோசஸ் அதை ஏற்கவில்லை. கடைசி வரை அந்த மலை கட்டப்படவே இல்லை.

ஆனால் நொகுச்சி விடவில்லை. 1949-இல் தொடங்கி பலமுறை இந்தியா வந்தார். டில்லியிலும் ஜெய்ப்பூரிலும் இருக்கும் ஜந்தர் மந்தர்களைப் பார்த்தார். 18-ஆம் நூற்றாண்டில் சவாய் ஜெய்சிங் மன்னர் வானத்தை அளக்கக் கட்டிய கருவிகள் அவை. ஜெய்ப்பூரில் இருக்கும் நிழல் கடிகாரம் மட்டும் சுமார் 27 மீட்டர் உயரம். வானத்தை நோக்கி ஏறும் படிகள், வளைந்த சுவர்கள்... வானியல் தெரிந்தவருக்கு அது கருவி. நொகுச்சியின் கண்ணுக்கு அதில் சறுக்குமரமும் தெரிந்திருக்கிறது. 1986-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் அவர் வைத்த வெள்ளைப் பளிங்குச் சறுக்குமரத்தின் பெயரே 'ஸ்லைடு மந்த்ரா'. அதன் கருங்கல் வடிவம் அவர் இறந்த பிறகு ஜப்பானின் சப்போரோ நகரப் பூங்காவில் வைக்கப்பட்டது. குழந்தைகள் அதில் சறுக்கி விளையாடுகிறார்கள். நம் நாட்டுப் பழஞ்சின்னம் எங்கே போய்ச் சறுக்குமரமாகியிருக்கிறது பாருங்கள்!

இன்னொன்று, நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் இருப்பது. அங்கே பெரிய அருங்காட்சியகம் ஒன்றில் எகிப்தியப் பழம்பொருட்கள் நிறைய உண்டு. பக்கத்திலேயே ரிச்சர்ட் டாட்னர் என்ற கட்டடக் கலைஞர் 1970-களில் ஒரு திடல் அமைத்தார். ஏறி இறங்கப் பிரமிடுகள், நடுவே தூண். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் தொடக்கூடாததாக இருப்பதை, வெளியே தொட்டுப் பார்த்து ஏறி மிதிக்கலாம்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. நெதர்லாந்துக்காரர் ஆல்டோ வான் ஐக், 1947 முதல் ஆம்ஸ்டர்டாமில் 700-க்கும் மேற்பட்ட திடல்களை வடிவமைத்தவர். அவர் வைத்தவை வெறும் மணல் தொட்டி, கல் உருளை, வளைந்த கம்பி. எதற்கும் தனி உருவம் கிடையாது. யானை பொம்மை எப்போதும் யானைதான். வெறும் கல் இன்றைக்குக் கோட்டை, நாளைக்குக் கப்பல்! யோசித்துப் பார்த்தால் இதுவும் நியாயம்தான்.

சரி, எங்கள் தியாகதுருகத்துக்கு வருவோம். சேலம் - உளுந்தூர்பேட்டை சாலையில் போகிறவர்கள் இந்த மலையைப் பார்த்திருப்பார்கள். 'துருகம்' என்றாலே கோட்டைதான். கர்நாடகப் போர்களில் இந்தக் கோட்டை பல கை மாறியது. 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் உதவி கேட்டு ஹைதர் அலியோடு ஒப்பந்தம் போட்டபோது, அவருக்குக் கொடுத்த இடங்களில் தியாகதுருகமும் ஒன்று. அடுத்த ஆண்டே அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1790-இல் திப்பு சுல்தானின் படை தாக்கியபோது கேப்டன் பிளிண்ட் என்பவர் தாக்குப்பிடித்தார்.

இது 18-ஆம் நூற்றாண்டுக் கதை. இதைவிடப் பழையதும் நம் மாவட்டத்தில் உண்டு. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981-இல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழி கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சொல்கிறது. சுமார் 2,000 ஆண்டுப் பழமை.

இதையெல்லாம் வைத்துத் திடல் எப்படி அமைக்கலாம்? கோட்டை மாதிரி சிமெண்டில் ஒரு பொம்மை கட்டி, பீரங்கி வைத்து, கேட்டில் பெயர்ப்பலகை மாட்டினால் அது புகைப்படம் எடுக்கத்தான் உதவும். நான் நினைப்பது வேறு.

மலையைத் தொடவே வேண்டாம். ஊருக்குள் ஒரு பொது இடம் போதும். அங்கே ஒரு மண்மேடு. ஏற மூன்று வழி: ஒன்று கல்படி, ஒன்று பாறைச் சரிவு, ஒன்று கயிறு. இறங்க ஒரு கல் சறுக்கு, அடியில் மணல். மேலே ஏறி நின்றால் நிஜ மலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். இது என்ன கோட்டை என்று குழந்தையே கேட்கும்.

மேட்டுக்குக் கீழே மரநிழலில் பலகைக் கற்கள். ஒன்றில் பல்லாங்குழி, ஏழு ஏழாகப் பதினான்கு குழி. இன்னொன்றில் ஆடுபுலி ஆட்டம், 3 புலி, 15 ஆடு. தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில் தரைகளிலும் பாறைகளிலும் இந்தக் கட்டங்களைப் பெரியவர்கள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கீழடியில் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அங்கே பாண்டி ஆடிய பிள்ளைகளுக்கும் நமக்கும் இருபது நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது! எனவே தரையில் ஒரு பாண்டிக் கட்டம் வேண்டும். அதன் ஒவ்வொரு கட்டத்திலும் ஜம்பை கல்வெட்டின் ஒரு தமிழி எழுத்து. தாண்டித் தாண்டியே எழுத்து மனசில் பதிந்துவிடும்.

வான் ஐக்குக்கும் இதில் குறை இருக்காது. மேடு மேடாகவே இருக்கிறது, கல் கல்லாகவே இருக்கிறது. செலவும் அதிகமில்லை. கருங்கல்லும் கல் கொத்துகிறவர்களும் நம் பக்கத்தில் உண்டு. இரும்புச் சறுக்குமரம் போல துருப்பிடிக்காது. ஆனால் நிழல் கட்டாயம் வேண்டும், சித்திரை வெயிலில் கல்லும் சுடும்.

இதெல்லாம் விளையாட்டுக்கு மட்டும்தானா என்றால், இல்லை. பழைய சுவர்களில் பெயரைக் கிறுக்கி வைக்கிறவர்கள் யாரும் வெளியூர்க்காரர்கள் இல்லை, நம்மில் ஒருவர்தான். அந்தக் கல்லோடு சின்ன வயதில் எந்த உறவும் இல்லாமல் வளர்ந்தவர்கள். ஏழு வயதில் ஆடுபுலி கட்டத்தில் உட்கார்ந்து தாத்தாவிடம் தோற்ற பிள்ளை, பதினேழு வயதில் அந்தக் கோட்டைச் சுவரில் ஆணி எடுத்துக் கீறுமா? கீறாது என்றுதான் நான் நம்புகிறேன்.

நொகுச்சியின் மலை 1933-இல் காகிதத்தோடு நின்றுபோனது. நம்முடையது அப்படி ஆக வேண்டாம். உங்கள் ஊரில் திடல் அமைத்தால் அதில் எந்தக் கல்லை வைப்பீர்கள்? சொல்லுங்கள்.