மீஞ்சூரின் உப்பு நீர்: களத்தவர் என்பவர் யார்?

கடல்நீர் ஊடுருவலுக்குத் தமிழ்நாட்டில் ஓர் எடுத்துக்காட்டுக் கேட்டால், நிலவியல் பயில்வோர் முதலில் சொல்லும் பெயர்களுள் ஒன்று மீஞ்சூர். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் படியவைத்த மணற்படுகைகளில் நன்னீர் வளம் இருப்பதை, 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு நடந்த ஆய்வு உறுதிசெய்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. நகருக்கும் ஆலைகளுக்கும் நீர் சென்றது. 1969இல் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில் இருந்த உவர்நீர் எல்லை, 1983இல் ஏறத்தாழ 9 கி.மீ. வரை உள்நுழைந்திருந்தது.

நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. அதன்மேல் மிதப்பதுபோல் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் ஒரு மீட்டர் தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறும் என்பது நூறாண்டுக்கு முற்பட்ட கணக்கு. மிகை உறிஞ்சலும் ஆற்று மணல் கொள்ளையும் தொடங்கிவைத்த இக்கேட்டைக் கடல்மட்ட உயர்வும், சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துக் கடலுக்கு ஓடிவிடும் மழையும் மேலும் தீவிரமாக்கும். ஆகவே மீஞ்சூரில் காலநிலைத் தகவமைப்பு என்பது முதன்மையாகக் குடிநீர் குறித்த கேள்வி.

அறிவியல் இல்லாத குறையால் இந்நிலை வரவில்லை. 1987இலேயே சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆரணியாற்றுத் தடுப்பணைகள் நிலத்தடி நீரை எந்த அளவு மீட்கின்றன என்பதை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்துள்ளனர். 2010இல் காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. ஆலைக்குப் பெயர் மீஞ்சூர், நீர் சென்னைக்கு.

ஆய்வாளர்களும் களத்தவரும் ஒன்றாக அமர வேண்டும் என்று இன்று எல்லா அறிக்கைகளும் சொல்கின்றன. களத்தவர் யார் என்பதே எமது கேள்வி. கலந்தாய்வுக்கு 'விவசாயி' என அழைக்கப்படுபவர் பெரும்பாலும் பட்டாவும் கிணறும் உடையவர். 2000களில் சென்னைக் குடிநீர் வாரியம் இப்படுகையின் விவசாயக் கிணறுகளிலிருந்து நீரை விலைக்கு வாங்கியபோது, பணம் கிணற்றுக்காரருக்குச் சென்றது. தரிசான வயலில் நாற்று நட்டு வந்த பெண்ணுக்குக் கூலிநாள்கள் போயின; இழப்பீட்டுப் பட்டியலில் அவருக்கென ஒரு பத்திகூட இல்லை. கிணறு ஏன் ஒரு சாராரிடமே இருக்கிறது என்பதற்கு நிலவியலில் விடை கிடைக்காது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பறையர்களின் நிலமின்மையைக் குறித்து ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில் கிடைக்கும். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அப்போது அதனுள் அடங்கியிருந்தது.

'மரபறிவு' என்ற சொல்லையும் நாம் எச்சரிக்கையோடு அணுக வேண்டியுள்ளது. ஏரிப்பாசனத்தில் மடை திறந்து, வயலுக்கு வயல் நீரைப் பங்கிட்ட நீர்க்கட்டி பல ஊர்களில் தலித்தே. நீரின் போக்கை அவரைவிட அறிந்தவர் இல்லை. ஆயினும் பாயும் நிலம் அவருடையதன்று. கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர், நீரின் உப்பும் சூடும் மாறுவதை உடலால் உணர்கின்றனர். இவ்வறிவைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, முடிவெடுக்கும் இருக்கையை மட்டும் மறுப்பது சாதி ஏற்கெனவே செய்துவந்த வேலைதான்.

சட்டம் இவ்விடத்தில் நமக்கு வெறுங்கையைக் காட்டவில்லை. பாரிஸ் ஒப்பந்தத்தின் 7(5) பிரிவு, தகவமைப்பு நடவடிக்கை சிறந்த அறிவியலோடு உள்ளூர் அறிவையும் பழங்குடிகளின் அறிவையும் கொள்ள வேண்டும் என்கிறது. 2024 மார்ச்சில் எம்.கே.ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமையை அரசமைப்பின் 14, 21 உறுப்புகளில் கண்டது. நன்னீர் ஊற்றுகள் சுருங்கும்போது எஞ்சியவை ஊர்ப் பக்கமே நிற்கும். அங்கு சேரி மக்களைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவின்படி குற்றம். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்காமலேயே தகவலை வெளியிட வேண்டும், உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் எனப் பணிக்கிறது. கண்காணிப்புக் கிணறுகளின் உப்பளவு ஊராட்சிச் சுவரில் தமிழில் எழுதப்படுவதற்கு இதைவிட வேறு ஆணை தேவையில்லை.

மாவட்டந்தோறும் ஆட்சியரின் கீழ்க் காலநிலை மாற்ற இயக்கம் அமைக்கப்பட்டுள்ளது. மாவட்ட வன அலுவலரே காலநிலை அலுவலர். திருவள்ளூரில் அந்த மேசையில் தலித் ஊராட்சித் தலைவர்களுக்கும், நிலமற்ற பெண் தொழிலாளர்களுக்கும், இருளர்களுக்கும் வாக்குரிமையுடன் கூடிய இடம் வேண்டும். பார்வையாளர் இருக்கை போதாது.

மாணவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பேருக்கு, முன்னுரிமை பெண்களுக்கு, நீரைச் சோதிக்கும் கள ஆய்வுப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும். அந்த ஐவரில் சேரிப் பெண்கள் எத்தனை பேர் என முதலில் கேளுங்கள். பின்னர் சேரியின் ஒவ்வொரு கைப்பம்பிலும் மாதம் ஒருமுறை குளோரைடு அளவை நாளிட்டுப் பதிவுசெய்து, உலக நீர் நாளான மார்ச் 22 கிராம சபையில் தீர்மானத்தின் இணைப்பாகச் சேருங்கள். கையொப்பமிட்ட நகல் ஒன்று ஆட்சியருக்கும், ஒன்று இப்படுகையை ஆராயும் பல்கலைக்கழகத் துறைக்கும் செல்லட்டும்.