குளத்து நீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா

குளிர் நாடுகளில் மீன் குளம் வைத்திருப்பவர்கள், நீர் சுத்தமாக இருக்க பாக்டீரியாவைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றுவதுண்டு. மீன்களைக் கொல்லும் அம்மோனியாவை மாற்றுவது உயிருள்ள கிருமிதான் என்று காட்டியது யார் தெரியுமா?

1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் சாக்கடை நீரை மணல் நிரப்பிய குழாயில் மெல்ல ஓட விட்டார்கள். 20 நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நின்றுபோனது! வெறும் வேதிவினை என்றால் மயக்க மருந்துக்கு ஏன் நிற்க வேண்டும்? (எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.) 1890-ல் வினோகிராட்ஸ்கி சூரிச்சில் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார்.

10 டிகிரிக்குக் கீழே போனால் இவை மிகவும் மந்தமாகிவிடும். பனிக்காலத்தில் மீனுக்குத் தீனியைக் குறைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மிஞ்சிய தீனி அழுகி அம்மோனியா வந்தால், அதை மாற்ற அப்போது ஆளிருக்காது.