பனியன் ஊரிலிருந்து பனி ஊருக்கு: லடாக் ஐஸ் ஹாக்கியும் ஒரு ஜோடி மிலிட்டரி பூட்ஸும்

ஐஸ் ஹாக்கி பற்றி ஒரு எபிசோடு பண்ணப்போறேன்னு சொன்னதும் வீட்ல சிரிச்சாங்க. திருப்பூர்ல ஐஸ்னா ஜூஸ் கடை ஐஸ்தானே! ஆனா இந்த எபிசோடுக்கான விதையே நம்ம ஊர் கட்டிங் டேபிள்ல இருந்துதான் கிடைச்சது.

பனியன் கம்பெனிக்குள்ள போனவங்க பார்த்திருப்பீங்க. அடுக்கடுக்கா விரிச்ச துணி மேல கட்டிங் மாஸ்டர் மெஷினை ஓட்டுவார். நடுவுல மெஷின்லயே இருக்கிற எமரி பெல்ட்டால கத்திக்குச் சாணை பிடிச்சுக்குவார். கத்தி மழுங்கினா துணி பிசிறும், அளவு மாறும். மாஸ்டர் எவ்வளவு கைதேர்ந்தவரா இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது.

ஐஸ் ஹாக்கியிலும் இதே நிலைமைதான். ஸ்கேட்ஸ் பிளேடு சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதோட அடிப்பக்கம் தட்டையா இருக்காது. நீளவாக்குல சின்ன வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் ஓடும். பள்ளத்தோட ரெண்டு கரையும்தான் ஐஸைக் கவ்வுற விளிம்புகள். சாணை பிடிக்கும்போது அந்தப் பள்ளத்தோட ஆரத்தை ஆளுக்கு ஏத்த மாதிரி மாத்தலாம். அரை அங்குலம் பரவலா இருக்கிற அளவு. பள்ளம் ஆழமானா பிடிப்பு அதிகம், ஆனா வேகம் குறையும். ஆழம் குறைஞ்சா நல்லா வழுக்கிட்டுப் போகும், ஆனா சட்டுனு திரும்பும்போது கால் வாரிவிடும். ஆடி முடிச்சதும் ஈரத்தைத் துடைக்கலைன்னா துரு ஏறும். வெறும் கல் தரையில நாலு அடி நடந்தாலே விளிம்பு போயிடும்.

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம். சுமார் 3,000 வருஷத்துக்கு முன்னாடியே வடக்கு ஐரோப்பாவுல விலங்கு எலும்பைக் காலில் கட்டிக்கிட்டு, கம்பை ஊன்றி ஐஸ் மேல வழுக்கிப் போயிருக்காங்க. எலும்புக்கு விளிம்பு கிடையாது. இரும்பு பிளேடு வந்த பிறகுதான் காலாலேயே உந்திப் போக முடிஞ்சது. ஆனாலும் ரொம்ப காலம் பூட்ஸ் வேற, பிளேடு வேறதான். வார் வச்சுக் கட்டணும், இல்லைன்னா ஸ்க்ரூ போடணும். 1860-களில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஸ்டார் கம்பெனி ஒரு ஸ்கேட்ஸ் கொண்டு வந்தது. லீவரை மடக்கினா போதும், சாதாரண பூட்ஸையே கவ்விப் பிடிச்சுக்கும். மான்ட்ரியல்ல 1875-இல் முதல் உள்ளரங்க ஹாக்கி ஆட்டம் நடந்தது இப்படிப்பட்ட ஸ்கேட்ஸ் காலத்துலதான்.

இதை ஞாபகம் வச்சுக்கிட்டு லடாக்குக்கு வாங்க. லே நகரம் சுமார் 11,500 அடி உயரத்துல இருக்கு. குளிர்காலத்துல குளங்கள் அப்படியே உறைஞ்சு போகும். 1970-கள் வாக்கில் ராணுவ வீரர்கள் அங்கே ஐஸ் ஹாக்கி ஆட ஆரம்பிச்சாங்க. வேடிக்கை பார்த்த ஊர் இளைஞர்களுக்கும் ஆசை வந்துடுச்சு. ஆனா ஸ்கேட்ஸ் விற்கிற கடை எங்கே இருக்கு? பழைய மிலிட்டரி பூட்ஸை எடுத்தாங்க. உள்ளூர்ப் பட்டறையில இரும்புத் தகட்டை வெட்டி, அதை பூட்ஸ் அடியில மாட்டினாங்க. கோல் கீப்பர் காலுக்கு கிரிக்கெட் பேடு. அவ்வளவுதான், டீம் ரெடி!

அதாவது, நோவா ஸ்கோஷியா நூறு வருஷத்துக்கு முன்னாடி யோசிச்ச அதே கணக்கை லே பட்டறைக்காரர் தன் கையால போட்டிருக்கார். நம்ம ஊர் மெக்கானிக்குகள் பழைய நிட்டிங் மெஷினை வாங்கி, இல்லாத பார்ட்ஸை லேத்துல கடைஞ்சு ஓட வைக்கிறதும் இந்த ரகம்தான்.

இதைக் கேட்டதும் "செம ஜுகாட்!"னு கை தட்டத் தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா ஒரு நிமிஷம், அந்த பூட்ஸுக்குள்ள இருக்கிற காலை யோசிச்சுப் பாருங்க. மிலிட்டரி பூட்ஸ் நடக்கிறதுக்குத் தச்சது. ஸ்கேட்டிங்குக்கு வேணும்கிற அளவு அது கணுக்காலைப் பிடிச்சு நிறுத்தாது. முழு வேகத்துல போகும்போது பிளேடு ஆடினா எலும்புதான் போகும்.

அதுலயும் பொண்ணுங்களுக்கு எல்லாமே கடைசியாதான் கிடைச்சது. பசங்ககிட்ட இரவல் வாங்கின ஸ்கேட்ஸ், பசங்க ஆடி முடிச்ச பிறகு மிச்சமான நேரம். இந்தியா 1989-லயே சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்துல சேர்ந்தாச்சு. ஆனா பெண்கள் அணி முதல் சர்வதேசப் போட்டிக்குப் போனது 2016-இல், தைவானின் தைபே நகருக்கு. அதுக்கும் பொதுமக்கள்கிட்ட நிதி திரட்ட வேண்டியிருந்தது. அங்கே ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கலை. அடுத்த வருஷமே பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 கணக்கில் ஜெயிச்சாங்க. 2018 ஜனவரியில கனடாவின் ஒலிம்பிக் நட்சத்திரம் ஹேலி விக்கன்ஹைசர் லடாக்குக்கே வந்து, ஹாக்கி கியர் கொடுத்து, கூடவே பயிற்சியும் கொடுத்தார். 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில நம்ம பொண்ணுங்க வெண்கலம் வாங்கினாங்க.

நன்கொடையா வர்ற கியர் பெரிய உதவிதான், மறுக்கலை. ஆனா பெட்டியில வர்ற சைஸும் உங்க கால் சைஸும் ஒண்ணா இருக்கணுமே? பிளேடு மழுங்கினா பள்ளத்தைத் திரும்பச் சரியா எடுக்கிற சாணை மெஷின் ஊர்ல இருக்கணும், அதை ஓட்டத் தெரிஞ்ச கை இருக்கணும். ஒரு ரிவெட் கழண்டா மாத்திக்க இன்னொண்ணு வேணும். இது எதுவும் இல்லைன்னா அடுத்த சீசன்ல அந்த நல்ல ஸ்கேட்ஸும் பழைய மிலிட்டரி பூட்ஸ் நிலைமைக்குத்தான் வரும். நம்ம கட்டிங் மாஸ்டரைக் கேளுங்க, மெஷின் வாங்குறது ஒரு நாள் செலவு, சாணை தினமும் வேணும்னு சொல்வார்.

அந்தப் பட்டறைக்காரருக்கு ஒரு பெரிய சல்யூட். ஆனா அந்தப் பொண்ணுங்களுக்கு நம்ம பாராட்டை விட, காலுக்குப் பொருந்துற பூட்ஸும் பக்கத்துலயே ஒரு சாணை மெஷினும்தான் அவசரத் தேவை.

உங்க வீட்டுப் பெரியவங்க கடையில கிடைக்காத பார்ட்ஸைத் தாங்களே செஞ்சு எந்த மெஷினையாவது ஓட்டியிருக்காங்களா? ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அப்போ அவங்க கை, கண்ணுக்கு என்ன ஆச்சுன்னும் சேர்த்துக் கேட்டுச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்ங்க!