பருப்பும் நுண்ணுயிரும்

எளியோருக்கும் எட்டும் விலையில் புரதம் அளிப்பது பருப்பு. ஆயினும், 'வாயு' என்று அஞ்சி அதனை ஒதுக்குவோர் பலர். அவ்வச்சத்தின் காரணம் விளங்கிய வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1876-ஆம் ஆண்டில் லுவாசோ என்பார் பீட் கிழங்கின் கழிவுப்பாகிலிருந்து ராஃபினோஸ் என்னும் சர்க்கரையைப் பிரித்தெடுத்தார். அதுவும் அதன் இனமான ஸ்டாக்கியோஸும் பயறுகளில் உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று. இவற்றைப் பிளக்கவல்ல ஆல்ஃபா-காலக்டோசிடேஸ் என்னும் நொதி நம் சிறுகுடலில் சுரப்பதில்லை. செரியாத சர்க்கரை பெருங்குடலை அடைகிறது. அங்கு வாழும் பாக்டீரியாக்களிடம் அந்நொதி உண்டு. அவை சர்க்கரையைச் சிதைத்து உண்ணும்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் பிறக்கின்றன.

இச்சிதைவு அடுக்களையிலேயே ஓரளவு நிகழ்ந்துவிட்டால் குடலுக்குத் தொல்லை குறையுமன்றோ? இட்லி மாவைப் பொங்கச் செய்வதில் லூக்கனோஸ்டாக் என்னும் பாக்டீரியாவுக்குப் பெரும்பங்கு உண்டென 1965-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. உளுந்தை ஊறவைக்கையில் அச்சர்க்கரையில் ஒரு பகுதி நீரில் கரைந்து நீங்குகிறது. மாவு புளிக்கையில் மற்றொரு பகுதியை நுண்ணுயிர்களின் நொதிகள் சிதைக்கின்றன.

நொதி என்ற பெயரையே அறியாத நம் பாட்டிமார் அதனிடம் வேலை வாங்கினர். காரணமும் அறிந்த நாம், பருப்பை ஒதுக்காது பக்குவமறிந்து உண்போமாக.