ஒரே விலையும் ஒரே வரியும்: பிரிட்டன் அமைச்சரவையின் மூன்று முடிவுகள்

போன மாதம் எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் கல்லூரி முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அக்கா, எல்லாரும் சமம்னா எல்லாருக்கும் ஒரே ரூல்தானே இருக்கணும்? நமக்கு மட்டும் ஏன் தனியா?" அது அவருடைய கேள்வி இல்லை. வகுப்பில் யாரோ கேட்டு, பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்து வந்திருக்கிறார். நான் அன்று சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

அந்தக் கேள்விக்கு வேறு வழியாகப் பதில் தேடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. இட ஒதுக்கீட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, தபால், மின்சாரம், வரி ஆகிய மூன்றைப் பற்றி பிரிட்டன் அமைச்சரவைகள் எடுத்த முடிவுகளைப் பார்ப்போம். இந்த மூன்றிலும் சாதிப் பேச்சு இல்லை. ஆனால் "எல்லாருக்கும் ஒரே மாதிரி" என்ற சொல் மூன்றிலும் இருக்கிறது. ஓரிடத்தில் அது ஏழைக்குக் கை கொடுத்தது, இன்னோரிடத்தில் ஏழையின் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது. எப்படி என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஒரு பென்னி தபால்

1830களில் பிரிட்டனில் கடிதம் அனுப்பினால், பொதுவாகப் பெறுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். எத்தனை மைல், எத்தனை தாள் என்று கணக்குப் போட்டுக் கட்டணம் வாங்கினார்கள். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாள் கடிதம் ஒரு ஷில்லிங்குக்கு மேல். ஒரு ஷில்லிங் என்றால் 12 பென்னி.

இது எவ்வளவு பெரிய தொகை? இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் டோல்படில் என்ற கிராமம் இருக்கிறது. தொழிற்சங்க வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். வாரக் கூலி 7 ஷில்லிங்காகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துச் சங்கம் சேர்ந்த ஆறு விவசாயக் கூலிகளை 1834-இல் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஏறக்குறைய ஒரு நாள் கூலியைக் கொடுத்தால்தான் தூரத்தில் இருக்கும் மகனின் கடிதத்தை இப்படிப்பட்ட குடும்பம் கையில் வாங்க முடியும். கடிதம் வந்தும் வாங்காமல் திருப்பி அனுப்பியவர்கள் ஏராளம். அதே காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பிரபுக்களும் கையெழுத்துப் போட்டு இலவசமாகக் கடிதம் அனுப்பினார்கள். இருப்பவனுக்கு இலவசம், இல்லாதவனுக்கு ஒரு நாள் கூலி.

1837-இல் ரோலண்ட் ஹில் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்ல உண்மையில் ஆகும் செலவு ஒரு பென்னியில் 36-இல் ஒரு பங்குதான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தூரத்தால் வரும் செலவு மிகச் சிறியது. ஒவ்வொரு கடிதத்துக்கும் கட்டணம் கணக்கிடுவதும், வீடு வீடாகக் காசு வசூலிப்பதும்தான் பெரிய செலவு. ஆகவே தூரம் எதுவானாலும் ஒரு பென்னி, அதையும் அனுப்புகிறவர் முன்கூட்டியே கட்டட்டும் என்றார்.

தபால் துறைத் தலைவர் லிச்ஃபீல்டு பிரபு இதைக் கிறுக்குத்தனமான திட்டம் என்று ஒதுக்கினார். அரசுக்குத் தபால் ஒரு சேவை இல்லை, வரி வசூலிக்கும் வழி. வருமானம் போய்விடும் என்பதே பயம். ஆனால் லண்டன் வணிகர்கள் குழு அமைத்துப் பிரசாரம் செய்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் நாடாளுமன்றத்துக்குப் போயின. மெல்பர்ன் பிரபுவின் அரசு அப்போது பெரும்பான்மை மெலிந்து ஆடிக்கொண்டிருந்தது. சீர்திருத்தம் கேட்ட உறுப்பினர்களின் தயவு அதற்குத் தேவைப்பட்டது. 1839-இல் சம்மதித்தார்கள். 1840 ஜனவரி 10 முதல் நாடு முழுக்க ஒரு பென்னி. பிரபுக்களின் இலவசச் சலுகையும் அன்றே ஒழிந்தது.

இந்த மெல்பர்ன் பிரபு யார் தெரியுமா? டோல்படில் கூலிகள் நாடு கடத்தப்பட்டபோது உள்துறை அமைச்சராக இருந்து அந்த வழக்குக்குத் துணை நின்றவர். ஏழை மேல் பாசம் வந்து அவர் மாறவில்லை. மனுவும் நெருக்கடியும் அவரை மாற்றின. ஆட்சியாளர்களின் மனசாட்சிக்காகக் காத்திருக்கிற தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1839-இல் சுமார் 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் அடுத்த ஆண்டே சுமார் 16.9 கோடியாயின. ஆனால் நிகர வருமானம் பழைய நிலைக்குத் திரும்ப இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அரசின் பற்றாக்குறைக்கு இதுவும் ஒரு காரணம். அடுத்து வந்த பிரதமர் ராபர்ட் பீல் அந்தப் பற்றாக்குறையை எப்படி அடைத்தார் என்பது முக்கியம். 1842-இல் வருமான வரியைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆண்டு வருமானம் 150 பவுண்டுக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும், பவுண்டுக்கு 7 பென்னி. கூலிக்காரர் யாரும் அதில் வரமாட்டார். தபால் விலை எல்லாருக்கும் ஒன்று, ஆனால் வரிச்சுமை இருப்பவருக்கு. இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

இன்னொன்று. விலை 1840-இல் சமமானது. ஆனால் நாட்டின் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்போம் என்ற உறுதி 1897-இல்தான் வந்தது. அதுவரை கிராமப்புறத்தில் பலர் தாங்களே நடந்துபோய்க் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. சட்டத்தில் சமம் வந்து, அது வாசலுக்கு வந்து சேர 57 ஆண்டுகள்.

மலைக்குப் போன மின்சாரம்

மின்சாரம் வந்த காலத்தில் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான நிறுவனங்களும் நகராட்சிகளும் தனித்தனியாக விற்றன. ஊருக்கு ஊர் விலை வேறு, வோல்டேஜ் கூட வேறு. 1926-இல் பால்டுவின் தலைமையிலான பழமைவாதக் கட்சி அரசு மத்திய மின்சார வாரியத்தை அமைத்து, பெரிய மின்நிலையங்களை ஒரே தேசியக் கம்பித் தொடரில் இணைத்தது. சொந்தக் கட்சிக்காரர்களே இது சோஷலிசம் என்று கத்தினார்கள்.

ஆனால் அந்தப் பெரிய கம்பிகள் நகரங்களையும் ஆலைகளையும்தான் இணைத்தன. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதி இருட்டிலேயே கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலப்பிரபுக்கள் ஆடு வளர்ப்பதற்காகக் குடியானவர்களை வீட்டோடு பெயர்த்துத் துரத்திய மண் அது. மிஞ்சியவர்கள் கல்லும் கரம்புமான துண்டு நிலங்களில் ஒண்டிக்கொண்டார்கள். 1940களின் தொடக்கத்தில் அப்படிப்பட்ட சிறுகுடியானவர் வீடுகளில் நூறில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது என்பது அன்றைய கணிப்பு. எந்த நிறுவனம் போகும்? நாலு வீட்டுக்காக நாற்பது கம்பம் நட்டால் லாபம் வராதே.

போர்க்காலக் கூட்டணி அரசில் ஸ்காட்லாந்துக்கான அமைச்சராக இருந்தவர் டாம் ஜான்ஸ்டன். தொழிற்கட்சிக்காரர். இளம் வயதில் ஸ்காட்லாந்துப் பிரபுக் குடும்பங்கள் நிலம் வளைத்த கதையை நூலாக எழுதியவர். குண்டு விழுந்துகொண்டிருந்த 1943-இல் அவர் வடக்கு ஸ்காட்லாந்து நீர்மின் வாரியத்துக்கான சட்டத்தை நிறைவேற்ற வைத்தார். அதன் ஏற்பாடு எளிமையானது. மலையில் எடுக்கும் மின்சாரத்தில் மிச்சமானதைத் தெற்கே நகரங்களுக்கு விற்பது, அந்த லாபத்தில் மலைவீடுகளுக்குக் கம்பி இழுப்பது. நிலப்பிரபுக்கள் சும்மா இருக்கவில்லை. இயற்கை அழகு கெடும், மீன் பிடிக்கும் ஆறு கெடும் என்று எதிர்த்தார்கள். ஆனாலும் வேலை நடந்தது. 1950-இல் ஸ்லாய் மின்நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மலைப்பகுதியின் பெரும்பாலான வீடுகளில் விளக்கு எரிந்தது. இதற்கு நடுவில் 1948 ஏப்ரல் 1 அன்று அட்லீ அரசு நாட்டின் மின்விநியோகம் முழுவதையும் பொதுவுடைமையாக்கியிருந்தது.

இங்கேதான் நம் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. மலையில் ஒரு வீட்டுக்கு மின்சாரம் கொடுக்க ஆகும் செலவு நகரத்தை விடப் பல மடங்கு. அந்தச் செலவை அந்த வீட்டுக்காரர் தலையில் கட்டவில்லை. நகரத்துக் கணக்கிலிருந்து மலைக்கு நகர்த்தினார்கள். தபாலிலும் இதுதான் நடந்தது. பக்கத்துத் தெருவுக்குப் போகும் கடிதம், தொலைதூரத் தீவுக்குப் போகும் கடிதத்தின் செலவைத் தாங்கியது. "எல்லாருக்கும் ஒரே விலை" என்று எல்லாரும் மெச்சுகிற ஏற்பாட்டுக்குள்ளேயே தூரத்தில் இருப்பவருக்கான சலுகை உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் சலுகை என்று சொல்லிக் கேலி செய்வதில்லை.

இந்த ஏற்பாடு கலைந்தால் என்ன ஆகும் என்பதையும் பிரிட்டனே காட்டியது. தாட்சர் அரசு 1989-இல் சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டு மின்விநியோக நிறுவனங்களைத் தனியாருக்கு விற்றது. அதற்குப் பின்னும் முன்பணம் போட்டால்தான் எரியும் மீட்டர் வைத்திருந்த ஏழை வீடுகள், வங்கி மூலம் மாதாமாதம் கட்டுகிறவர்களை விட அதிகக் கட்டணம் கொடுத்துவந்தன. அந்தக் கூடுதல் கட்டணம் 2023-இல்தான் நீக்கப்பட்டது.

பிரபுவும் குப்பை அள்ளுபவரும்

மூன்றாவது முடிவு வரி. பிரிட்டனில் உள்ளாட்சி வரி நீண்ட காலமாக வீட்டின் மதிப்பை வைத்தே வாங்கப்பட்டது. பெரிய வீட்டுக்குப் பெரிய வரி. 1985 மார்ச்சில் பிரதமரின் ஓய்வு இல்லமான செக்கர்ஸில் நடந்த கூட்டத்தில், இதை மாற்றி வயதுவந்த ஒவ்வொருவருக்கும் ஒரே தொகை விதிக்கும் யோசனை தாட்சர் முன் வைக்கப்பட்டது. நிதியமைச்சர் நைஜல் லாசன் அந்தக் கூட்டத்தில் இல்லை. அடுத்த சில வாரங்களில், இது நடைமுறைக்கு ஒவ்வாதது, அரசியல் ரீதியாகப் பேரழிவு என்று எழுதியே கொடுத்தார். கேட்கவில்லை. 1986 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

அரசு வைத்த பெயர் "சமூகக் கட்டணம்". மக்கள் அதைத் தலைவரி என்றே அழைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே ஒரு நினைவு இருக்கிறது. 1381-இல் 15 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தலைக்கும் ஒரு ஷில்லிங் கேட்டபோதுதான் வாட் டைலர் தலைமையில் குடியானவர்கள் லண்டனுக்குள் புகுந்தார்கள்.

ஆதரித்தவர்களின் வாதத்தைக் கவனியுங்கள். எல்லாரும் உள்ளாட்சிச் சேவையைப் பயன்படுத்துகிறார்கள், ஆகவே எல்லாரும் சமமாகக் கட்டட்டும். குப்பை அள்ளும் தொழிலாளியை விடப் பிரபு எதற்கு அதிகமாகக் கட்ட வேண்டும் என்பது திட்டத்தைத் தாங்கிப்பிடித்த அமைச்சர் நிக்கோலஸ் ரிட்லியின் வாதம். மாளிகையில் தனியாக இருக்கும் பிரபு ஒரு தொகை கட்டினால், இரண்டறை வீட்டில் வயதுவந்த நான்கு பேர் இருக்கும் தொழிலாளிக் குடும்பம் நான்கு தொகை கட்ட வேண்டும். வேலையில்லாதவரும் மாணவரும் கூட ஐந்தில் ஒரு பங்கு கட்டியாக வேண்டும்.

ஸ்காட்லாந்தில் 1989 ஏப்ரலிலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990 ஏப்ரலிலும் அமலுக்கு வந்தது. தெருத் தெருவாக எதிர்ப்புச் சங்கங்கள் தோன்றின. பல லட்சம் பேர் கட்ட மறுத்தார்கள். வரிக்குப் பயந்து வாக்காளர் பட்டியலில் பெயரே சேர்க்காமல் இருந்தவர்களும் உண்டு. வரியைத் தவிர்க்க ஓட்டையே இழந்தார்கள். 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பெருங்கூட்டம் திரண்டு கலவரமானது. நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். இந்த வரி மட்டுமே காரணமில்லை, ஆனால் பெரிய காரணம். 1993-இல் வீட்டு மதிப்பை அடிப்படையாகக் கொண்ட வேறு வரி வந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஒரு பென்னி தபாலும் "எல்லாருக்கும் ஒன்று". தலைவரியும் "எல்லாருக்கும் ஒன்று". முதலாவது கிடைப்பதைச் சமமாக்கியது, அதற்கான செலவை வலுவுள்ள பக்கத்திலிருந்து எடுத்தது. இரண்டாவது கொடுப்பதைச் சமமாக்கியது, யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவே மறுத்தது. சமம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எதில் சமம், யார் செலவில் சமம் என்று கேட்க வேண்டியது அதனால்தான்.

அண்ணல் அம்பேத்கருக்கு இது புதிதில்லை. லண்டனிலும் நியூயார்க்கிலும் அவர் படித்தது பொதுநிதியும் பொருளாதாரமும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. ஜான்ஸ்டன் ஸ்காட்லாந்துக்குச் சட்டம் கொண்டுவந்த அதே 1943-இல், இந்திய மின்விநியோகத்துக்கான கொள்கைக் குழுவில் பேசிய அம்பேத்கர், மலிவான மின்சாரத்தை இந்த நாட்டின் வறுமையோடு சேர்த்தே பார்த்தார். மாநில மின்வாரியங்களை உருவாக்கிய 1948 சட்டம் பிரிட்டனின் 1926 சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. இன்று நம் வீட்டில் எரியும் விளக்கின் கம்பி அந்த விவாதங்கள் வழியாகத்தான் வருகிறது.

கடைசியாக என் வீட்டுக் கதை ஒன்று. என் அப்பா வெளியூரில் வேலை பார்த்த காலத்தில் ஆயாவுக்குக் கடிதம் போடுவார். தபால்காரர் காலனிக்குள் வரமாட்டார். எங்கள் கடிதங்களை மொத்தமாக ஊர்த்தெருக் கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் வரை ஆயா வெயிலில் வெளியே நிற்கும். ஊர்த்தெருக்காரருக்கும் எங்களுக்கும் தபால்தலை விலை ஒன்றுதான்.

அந்தத் தம்பிக்கு இப்போது இப்படிச் சொல்வேன். "ஒரே ரூல் போதும்னு சொல்றவங்ககிட்ட, ஒரே ஸ்டாம்ப் ஒட்டின கடிதம் எந்தத் தெருவோட நின்னுச்சுன்னு கேளு. அது நம்ம வாசலுக்கு வர்றதுக்கு ஆகுற செலவுக்குப் பேர்தான் இட ஒதுக்கீடு. தலை குனியாம கேளு."