எக்ஸ்காலிபர் (திரைப்படம்)

எக்ஸ்காலிபர் 1981 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில மொழித் திரைப்படமாகும். பிரித்தானியத் தொன்மக் கதைகளில் வரும் ஆர்தர் மன்னனின் வாழ்வைக் கூறும் இப்படத்தை ஜான் பூர்மன் இயக்கினார். தாமஸ் மாலரி எழுதி, 1485 இல் வில்லியம் காக்ஸ்டன் அச்சிட்ட உரைநடை நூலைத் தழுவி ராஸ்போ பாலன்பெர்க்கும் பூர்மனும் திரைக்கதை அமைத்தனர். எக்ஸ்காலிபர் என்பது ஆர்தரின் மாய வாளின் பெயராகும்.

கதைச் சுருக்கம்

மாயவித்தைக்காரனான மெர்லின், நாட்டில் அமைதி நிலவும்பொருட்டு ஊதர் என்னும் தலைவனுக்கு எக்ஸ்காலிபரை அளிக்கிறான். ஊதரோ கார்ன்வால் கோமகனின் மனைவி இக்ரேன் மீது ஆசை கொண்டு அமைதியைக் குலைக்கிறான். மெர்லினின் மாயத்தால் கோமகனின் உருவில் சென்று அவளைக் கூடுகிறான். அதனால் பிறந்த குழந்தையே ஆர்தர். ஊதர் இறக்கும் தறுவாயில் வாளைப் பாறையில் செருகுகிறான். பிற்காலத்தில் அதனை உருவியெடுக்கும் ஆர்தர் மன்னனாகிறான். வட்ட மேசை வீரர்களைத் திரட்டிக் கேமலாட் கோட்டையை எழுப்புகிறான்.

அரசி குவினவீருக்கும் வீரன் லான்சலாட்டுக்கும் இடையே எழுந்த காதலால் ஆர்தர் மனமுடைகிறான். அவனுடன் ஒரே தாய்க்குப் பிறந்த மார்கனா, மாயத்தால் அவனை ஏமாற்றி மார்ட்ரெட் என்னும் மகனைப் பெறுகிறாள். மன்னன் நோயுற, நாடும் வறண்டு போகிறது. புனிதக் கிண்ணத்தைத் தேடிச் சென்ற வீரர்களுள் பலர் மடிகின்றனர். மன்னனும் மண்ணும் ஒன்றே என்னும் உண்மையை உணர்ந்த பெர்சிவல் கிண்ணத்தைக் கொணர்கிறான். நலம்பெற்ற ஆர்தர் இறுதிப் போரில் மார்ட்ரெட்டைக் கொன்று, தானும் வீழ்கிறான்.

மூலநூலிலிருந்து வேறுபாடுகள்

மாலரியின் நூலில் மார்ட்ரெட்டின் தாய் மார்காஸ் ஆவாள். படம் அவளையும் மார்கனாவையும் ஒரே பாத்திரமாக்கியுள்ளது. புனிதக் கிண்ணத்தை அடைவோருள் முதன்மையானவன் நூலில் காலஹாட். வாளை நீரில் எறிபவன் பெடிவியர். படத்தில் இவ்விரண்டையும் பெர்சிவலே செய்கிறான். புண்பட்ட மன்னனால் நாடு பாழாகும் தொன்மம் நூலில் வேறொரு மன்னனுக்கு உரியது. அதனை ஆர்தருக்கே உரியதாக்கியதால், ஆள்பவனின் தவறு குடிகளின் துயராகும் என்பது படத்தின் மையக் கருத்தாகியுள்ளது.

நடிகர்கள்

நைஜல் டெர்ரி - ஆர்தர்
நிக்கோல் வில்லியம்சன் - மெர்லின்
ஹெலன் மிர்ரன் - மார்கனா
நிக்கோலஸ் க்ளே - லான்சலாட்
செரி லுங்கி - குவினவீர்
பால் ஜெஃப்ரி - பெர்சிவல்
கேப்ரியல் பைர்ன் - ஊதர்
லியாம் நீசன் - காவெய்ன்
பாட்ரிக் ஸ்டுவர்ட் - லியோன்டெகிரான்ஸ்

தயாரிப்பு

பூர்மனும் பாலன்பெர்க்கும் 1970 களில் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையைப் படமாக்க முயன்றனர், அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் உருவான எக்ஸ்காலிபர் அயர்லாந்தில் படமாக்கப்பட்டது. கதை நிகழும் காலம் இருண்ட காலம் எனக் குறிப்பிடப்பட்டாலும், வீரர்கள் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட முழு உலோகக் கவசங்களையே அணிந்துள்ளனர். டிரெவர் ஜோன்ஸின் இசையுடன் வாக்னர், கார்ல் ஓர்ஃப் ஆகியோரின் இசைப்படைப்புகளும் இடம்பெற்றுள்ளன.

வரவேற்பு

படத்தின் காட்சியழகு பாராட்டப்பட்டது. கதையோட்டம் தெளிவாக இல்லை என்னும் குறையும் கூறப்பட்டது. 1981 ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் கலைப் பங்களிப்புக்கான பரிசு இப்படத்திற்குக் கிடைத்தது. ஒளிப்பதிவாளர் அலெக்ஸ் தாம்சன் சிறந்த ஒளிப்பதிவுக்கான ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.