அடையாற்று முகத்துவாரமும் கடற்காகங்களின் வயதும்

பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குக் குளிர்காலத்தில் வந்துசேரும் பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் முதலிய மேட்டுநிலங்களின் ஏரிகளில் முட்டையிடும் பறவை. இதை முதன்முதலாக அறிவியல் முறைப்படி விவரித்தவர் சென்னைப் படையில் மருத்துவராகப் பணிபுரிந்த தாமஸ் ஜெர்டன். அவ்விவரிப்பு 1840இல் சென்னை இலக்கியச் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. பழுப்புத் தலை என்பது இனப்பெருக்கக் காலத்து அணியே. இக்கரையில் தங்கும் மாதங்களில் பெரும்பாலும் அதன் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னே ஒரு கருந்திட்டு மட்டுமே எஞ்சியிருக்கும்.

சுட்டு வீழ்த்திய பறவையின் தோலைப் பாடம்செய்து ஆராய்ந்த அக்காலத்தில், ஒரே இனத்தின் குஞ்சும் முதிர்ந்ததும் வெவ்வேறு இனங்களாகத் தோன்றுவது இயல்பாயிருந்தது. கிட்டிவேக் என்னும் வடகடல் கடற்காகத்தின் இளம்பறவை 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'டாரக்' என்று தனியினமாகவே எழுதப்பட்டது. உலகக் கடற்காகங்களின் இறகுதிர்ப்பை, அதாவது பழைய இறகு விழுந்து புதிது முளைக்கும் முறையை, ஜோனதன் டுவைட் 1925இல் பெருநூலாகத் தொகுத்தபோதும் அருங்காட்சியகத் தோல்களே அவருக்குச் சான்றாயின.

முளைத்து முடிந்த இறகு உயிரற்ற பொருளாதலால் தேயவும் வெளிறவும் கூடுமே தவிர, புதிய கோலம் கொள்ளாது என்பதே வயதறிதலின் அடிப்படை. இளம் பழுப்புத்தலைக் கடற்காகம் முதல் இலையுதிர்காலத்தில் தலை, உடல் இறகுகளை மாற்றினாலும் சிறகின் பறப்பிறகுகளையும் வால் இறகுகளையும் மாற்றுவதில்லை; ஆகவே வால்முனையின் கரும்பட்டையும் சிறகின் பழுப்புத் திட்டுகளும் ஓராண்டளவும் அதன் இளமையைக் காட்டிக்கொடுக்கின்றன. அடுத்த கோடையின் முழு இறகுதிர்ப்பில் இவை மறையும். வளர்ந்த பறவைக்கு வெளிறிய விழியும், கருஞ்சிறகு நுனியில் 'கண்ணாடி' எனப்படும் வெண்பொட்டுகளும் உண்டு. பழவேற்காட்டுக்கு வரும் பெரிய பாலாஸ் கடற்காகமோ முழு அணி பெற ஏறத்தாழ நான்காண்டு எடுத்துக்கொள்ளும்.

1982இல் பி. ஜே. கிராண்டின் கடற்காக நூல் வெளிவந்தபின், துப்பாக்கியும் தோலுமின்றித் தொலைநோக்கியாலேயே வயதைக் கணிப்பது பறவை நோக்குவோரின் வழக்கமாயிற்று. 1978இல் தோன்றிய சென்னை இயற்கை ஆர்வலர் சங்கத்தாருக்கு அடையாற்று முகத்துவாரம் நெடுங்காலப் பழக்கமான களம். இங்கு மார்ச் மாதக் கணிப்புக்குத் தனி எச்சரிக்கை வேண்டும்: கருநிறமி இறகைத் தேயாமல் காப்பதால், அந்நிறமியற்ற வெண்ணுனிகளே வெயிலிலும் மணலிலும் முதலில் தேய்கின்றன, எனவே நுனியில் வெண்மை இழந்த சிறகை மட்டும் கண்டு ஒரு பறவையை இளையது எனக் கொள்ளாமல், வாலையும் விழியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.